சுடாத மணல்

சாந்தரூபன் ரயில் பெட்டியின் கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்கினான். தலைமன்னார் பியர் நிலையத்தில் விடிந்ததிலிருந்து காத்து நின்ற சுகந்தினி முதலில் கண்டது அதைத்தான். அண்ணனின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், மண்டபம் அகதி முகாமிலிருந்து ஏஜென்சிக்காரன் ஒருவனோடு லண்டனுக்குப் புறப்பட்டபோது அவன் ஐம்பத்தைந்து கிலோகூட இருந்திருக்க மாட்டான். இப்போது நூற்றுமுப்பதுக்குக் குறையாது என்று அவள் கண் மதிப்பிட்டது. வேண்டுமென்று மதிப்பிடவில்லை, தொழில் பழக்கம். யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் கணவன் சந்தியோகுடனும் மகள் ஜெனிற்றாவுடனும் இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவள், வீட்டுத்திட்ட வீடு கிடைத்த கையோடு சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்திருந்தாள். ஊர் ஊராகத் தராசைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளையும் தாய்மாரையும் நிறுப்பதுதான் வேலை. சேர்ந்த புதிதில் பாப்பாமோட்டையில் ஒரே நாளில் பதினொரு பிள்ளைகளை நிறுத்தாள். பதினொரு பேருமே நிறை குறைவு. இந்த 2017இல் அப்படியில்லை. நிறை அட்டையில் மேல்கோட்டைத் தாண்டிப் போகும் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருந்தார்கள். தாய்மார் அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

"மச்சான் நல்லா இருக்கிறார்" என்றான் சந்தியோகு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றியபடி. கடற்தொழிலாளியான அவனுக்கு உடம்பு வைத்த மனிதன் என்றால் நல்லாயிருக்கிற மனிதன்தான். வழியில் கண்ட சனமும் அதையேதான் சொன்னது. சாந்தரூபன் எல்லாருக்கும் சிரித்தான். நிலையத்திலிருந்து ஆட்டோ வரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது. சுகந்தினி அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வந்த மனிதன் வீட்டில் இருக்கவில்லை. கதிரையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எழும்பி முற்றத்துக்குப் போவான். போனை எடுப்பான், வைப்பான், திரும்ப எடுப்பான். லண்டனில் அவன் ஒரு பொரிச்ச கோழிக் கடையை நடத்திக்கொண்டிருந்தான். பதினேழு வருடமாக அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். இப்போது அதே மாதிரி ஒரு கடையை மன்னார் பட்டினத்தில் திறக்க வந்திருந்தான். கூட்டாளி உப்புக்குளத்துப் பாயிஸ். 1990இல் மற்ற முஸ்லிம்களோடு மன்னார் தீவிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்குப் போன குடும்பம் அது, யுத்தம் முடிந்தபின் திரும்பியிருந்தது. பாயிஸ் இடையில் எட்டு வருடம் குவைத்தில் கோழி பொரித்தவன். சந்தியோகுவுக்குப் பழக்கமானவன் என்பதால் இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததும் அவன்தான்.

கடைக்குப் பெயர்ப்பலகை ஏறியது, ஏசி பூட்டியாயிற்று, பொரிக்கிற மெஷின்கள் கொழும்பிலிருந்து வந்து இறங்கின. ஒரு நாள் கிளினிக் முடிந்து சுகந்தினி அங்கே போனபோது, சாந்தரூபன் பாயிசுக்கும் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பெரிசு வேணுமா எண்டு கேக்கக்கூடாது. பெரிசுதானே எண்டு கேக்க வேணும். அப்பிடிக் கேட்டா பத்துப் பேரில ஏழு பேர் ஓம் எண்டுதான் சொல்லுவினம். இல்லை எண்டு சொல்ல ஆக்களுக்கு வெக்கம்."

பாயிஸ் சிரித்தான். "குவைத்திலயும் இதையேதான் படிச்சுத் தந்தாங்க, அண்ணன். அரபியில."

சுகந்தினியால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அப்ப அது ஆற்றை விருப்பம் அண்ணா? வாங்கிற ஆளின்ரையோ, கேக்கிற ஆளின்ரையோ?"

சாந்தரூபன் திரும்பினான். சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. "நான் ஒருத்தற்றை வாயையும் திறந்து திணிக்கேல்லை பிள்ளை. விருப்பமெண்டா வாங்கட்டும், இல்லையெண்டா போகட்டும். எங்களுக்கு எப்பவாவது விருப்பம் எண்டு ஒண்டு இருந்ததோ? முகாமில எந்த அரிசியைத் தந்தாங்களோ அதைத் திண்டனாங்கள். புழுவோட திண்டனாங்கள். இந்தச் சனமும் அப்பிடித்தானே. இப்ப ஒரு கடைக்குள்ள போய், இது வேணும், அது வேணாம் எண்டு கையைக் காட்டிக் கேக்கட்டுமேன்."

 அவன் சொன்னது உண்மை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது போன மாதம் வவுனியாவில் நடந்த பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு டொக்டர் உலகப் படமொன்றைத் திரையில் போட்டுக் காட்டினார். எந்த நாட்டில் உடற்பருமன் கூடியிருக்கிறதோ அந்த நாட்டுக்கு நிறமும் கடுமை. கனடா, இங்கிலாந்து, குவைத், அவுஸ்திரேலியா. நிறம் கடுமையான நாடுகளில் எல்லாம் ஊர்ச்சனம் இருந்தது நினைவுக்கு வந்து அவள் குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டாள். இலங்கையின் நிறம் இன்னும் மெல்லியதுதான். ஆனால் பத்து வருடத்துக்கு முன்னிருந்த படத்தையும் பக்கத்தில் போட்டபோது வித்தியாசம் தெரிந்தது.

கடை திறக்க நான்கு நாள் இருக்கும்போது சாந்தரூபன் கரைவலை இழுக்கப் போகவேண்டும் என்று நின்றான். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருந்தது. சந்தியோகுவும் ஆட்களும் வலையைக் கரைக்குக் கொண்டுவரும்போது உச்சிவெயில். சாந்தரூபன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். பத்து இழுவைக்குமேல் அவனால் முடியவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, ஈரமில்லாத மணலில் இடுப்பில் கையை ஊன்றியபடி நின்று மற்றவர்களுக்குக் கட்டளை போட்டான்.

பதினான்கு வயது ஜெனிற்றா தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். செருப்புக்குள் சூட்டு மணல் ஏறவே துள்ளிக்கொண்டு ஈரத்துக்கு ஓடினாள். "மாமா, கால் சுடேல்லையா உங்களுக்கு?"

"இது எங்கட மண்ணடி. என்னைச் சுடுமோ?"

கரையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சுகந்தினியும் சிரித்தாள். லண்டன்காரன் ஊரை மறக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குமேல் அவன் அந்த மணலில் நின்றான்.

பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவும்போது ஜெனிற்றாதான் வாளியால் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியவள் கத்தினாள். சுகந்தினி ஓடிப்போய்ப் பார்த்தாள். அவனுடைய இரண்டு உள்ளங்காலிலும் தோல் வெந்து, நனைந்த கடதாசி மாதிரிச் சுருண்டு கிடந்தது. வலது காலின் சின்ன விரல்கள் இரண்டும் கொப்பளித்து உடைந்திருந்தன. சாந்தரூபன் அதுவரை பிடிபட்ட பாரைக் குட்டிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே நின்றான்.

சுகந்தினி நிலத்தில் குந்தி, உடையாத தோலில் நகத்தால் அழுத்தினாள். "தெரியுதா?"

"எது?"

அவள் இன்னும் அழுத்தினாள். "இது?"

அவன் குனிந்து பார்க்க முயன்றான். வயிறு மறித்தது. "என்ன செய்யிறாய் நீ?" என்று கேட்டான்.

காலில் உணர்ச்சியே இல்லை என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. "எத்தினை வருசமா அண்ணா சீனி வருத்தம்?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, "ஆறு வருசம்" என்றான். "முதல் ரெண்டு வருசம் குளிசை போட்டனான். பிறகு விட்டிட்டன்."

மன்னார் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே படுக்க வைத்தார்கள். காலைச் சுற்றிக் கட்டி, ஊசி ஏற்றி, நிலத்தில் கால் ஊன்றவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் அவன் கட்டிலில் புரண்டான். மூன்றாம் நாள் பாயிஸ் வந்து போனான். கடை திறக்கும் நாள் காலை சுகந்தினி தேத்தண்ணிப் போத்தலோடு வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்: "காலுக்குப் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில போனார் தங்கச்சி. கையெழுத்து வச்சுக் குடுத்திட்டுத்தான் போனவர்."

அவள் நேரே கடைக்குப் போனாள். பஜாரில் ஆட்டோ நகர வழியில்லை. பாதியில் இறங்கி ஓடினாள். அண்ணனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதென்றும் திறப்புக்கு வந்த சனத்துக்கு முன்னாலேயே நாலு வார்த்தை கேட்பதென்றும் நினைத்துக்கொண்டுதான் ஓடினாள்.

கடை வாசலில் வரிசை தெருவுக்கு வந்திருந்தது. வரிசையில் நின்ற முகங்களைக் கண்டதும் அவளுடைய வேகம் குறைந்தது. பாதிப்பேர் அவளுடைய கிளினிக் தாய்மார். லூசியா நின்றாள். புருஷன் முள்ளிவாய்க்காலில் செத்தபின் கருவாடு போட்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். பிள்ளைகளுக்குக் கோயிலுக்கு உடுத்துவதுபோல உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள்.

"சுகந்தினி அக்கா! நீங்களும் வந்தனீங்களோ?" லூசியாவின் முகம் மலர்ந்திருந்தது. "முதல் தரமா இதுகளை வெளியில கூட்டிக்கொண்டு வந்து சாப்பிடக் குடுக்கிறன். கடைசியான் விடிய நாலு மணிக்கே எழும்பி இருந்திட்டான்."

சுகந்தினி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். வரிசை நகர்ந்து லூசியாவின் முறை வந்தது. உள்ளே குளிர். வெளியே தூசும் வெயிலும். கவுண்டரில் நின்ற பெண் புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "பெரிசுதானே?"

லூசியா ஒருகணம் சுகந்தினியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஓம், பெரிசு" என்றாள்.

 சுகந்தினி பக்கக் கதவால் குசினிக்குள் போனாள். சாந்தரூபன் எண்ணெய் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து நிற்கிறான். பொலித்தீன் பைக்குள் கட்டு ஊறிச் சிவந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை. ஆனால் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அவன் முகத்தில் வந்த நாளிலிருந்து கண்டதில்லை.

"சனத்தைப் பாத்தியா?" என்றான். "இந்தா, சாப்பிட்டுப் பார். முதல் சாப்பிடு, பிறகு பேசு."

சூடான துண்டொன்றைக் கடதாசியில் வைத்து நீட்டினான். தட்டிவிட நினைத்த கைதான் வாங்கியது. அவள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. நின்றபடியே கடித்தாள். மொறுமொறுவென்று உடைந்து, உப்பும் உறைப்பும் கொழுப்புச்சாறும் ஒன்றாக நாக்கில் இறங்கின. நல்ல ருசி. அதுதான் அவளுக்குக் கோபமாக இருந்தது. எலும்புவரைக்கும் தின்று முடித்தாள்.

"போதும், வாங்கோ" என்றாள் பிறகு. அவன் கேட்கவில்லை. "வா எண்டு சொல்லுறன்! உன்ரை கால் அழுகுது, உனக்கு நோகேல்லை எண்டுறதால அழுகேல்லை எண்டு நினைக்காதை!" கோபத்தில் அவளுக்கு அண்ணன் என்ற மரியாதை விட்டுப்போனது. பாயிஸ் ஓடிவந்து மெஷினை நிறுத்தினான். இரண்டு பேருமாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த கிழமை வலது காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

 சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் சுகந்தினி கஞ்சி கொண்டுபோனபோது அவன் தானாகத் தொடங்கினான்.

"பதினேழு வருசம். கடை பூட்டி வீட்டை போகேக்கை எல்லாரும் படுத்திடுவினம். மிஞ்சினதைத்தான் திண்டனான். நல்ல சாப்பாட்டை எறியக்கூடாது எண்டு திண்டனான். எறிய எனக்குக் கை வராது. உனக்குத் தெரியும்தானே?"

அவளுக்குத் தெரியும். 1990இல் அகதிகளாகத் தப்பிப் போனபோது வள்ளக்காரன் அவர்களை இந்தியக் கரை என்று சொல்லி மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போனான். இரண்டு நாள் நடுக்கடலில், வெறும் மணலில். பதினாறு வயது அண்ணன் தன்னிடமிருந்த பிஸ்கற் எல்லாவற்றையும் பதினொரு வயதுத் தங்கைக்குத் தந்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று சொன்னான்.

"பெரியவனைப் பற்றி உன்னட்டைச் சொல்லேல்லை" என்றான் சாந்தரூபன். லண்டனில் அவனுக்கு இரண்டு பையன்கள். மூத்தவனுக்குப் பதினொன்று. "பள்ளிக்கூடத்தில நிறுத்துப்போட்டு வீட்டுக்குக் கடிதம் போட்டவங்கள். நிறை கூடிப்போச்சு, கவனியுங்கோ எண்டு. கிழிச்சுப் போட்டன். என்ரை பிள்ளையைப் பாத்துச் சொல்ல அவங்கள் ஆர்?"

"பிறகு?"

"அண்டைக்கு அவன் அழுதுகொண்டு இருந்தான். வகுப்பில ஆரோ பகிடி பண்ணிப்போட்டாங்கள். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கடையிலயிருந்து ரெண்டு பெட்டி கொண்டுபோய்க் குடுத்தன். ஆசையாத் திண்டான்." கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். "நீ அண்டைக்குக் கேட்டனி, ஆற்றை விருப்பம் எண்டு. அவனுக்குப் பதினொரு வயசு சுகந்தி. அவன் என்னத்தைத் தெரிஞ்சவன்? நான்தானே குடுத்தனான்."

அவள் கஞ்சியைக் குடிக்கச் சொன்னாள்.  இந்த மாதிரிக் கடிதங்களை அவளும்தான் தாய்மாருக்கு எழுதிக் கொடுக்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் அவன் செய்த முதல் வேலை கடைக்குப் போனது. சுகந்தினியும் கூடப் போனாள். கடை நல்லாய் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வரிசை தெருவுக்கு வருவதில்லை, ஆனால் எந்த மேசையும் சும்மா இருப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம் வெள்ளைச் சீருடைகள்தான் அதிகம்.

"பாயிஸ், அந்தக் கேள்வியை நிப்பாட்டு" என்றான் சாந்தரூபன்.

"எந்தக் கேள்வி அண்ணன்?"

"பெரிசுதானே எண்டுறது."

பாயிஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்கு எதிரே இருந்தான். கோபப்படவில்லை. "அண்ணன், நீங்கதான் சொல்லித் தந்தீங்க. அத நம்பித்தான் கடை ஓடுது. நான் கேக்காட்டி நாளைக்கு எதிர்ல ஒருத்தன் கடை போட்டுக் கேப்பான். நான் வாப்பா வீட்டுக் காணியத் திருப்பி எடுத்து, வீடு கட்டி, இப்பதான் ஊர்ல ஒரு மனுசனா நிக்கிறன். இத விட்டா எனக்குத் திரும்பக் குவைத்துதான்."

"என்ரை காலைப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டுத்தான் சொல்றன். உங்க காலுக்கு என் கண்ணுல தண்ணி வருது. ஆனா வர்ற சனம் சந்தோசமாத்தான் வருது. அத இல்லன்னு சொல்லுவீங்களா?"

 இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். குரல் உயர்ந்தது, இறங்கியது, பாயிஸ் தொழுதுவிட்டு வந்து மறுபடி இருந்தான். கடைசியில் இரண்டுக்கு மட்டும் ஒத்துக்கொண்டான்: சீருடையில் வரும் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி கேட்கப்படாது, மேசைகளில் சோடாவுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர் சும்மா வைக்கப்படும். அவ்வளவுதான். சுகந்தினிக்கு அது போதவில்லை. கவுண்டரில் நின்று அவளே ஒரு நாள் முழுக்கப் பார்க்கவேண்டும் போலிருந்தது. ஒரு கிழமை கழித்து உண்மையாகவே போய்ப் பார்த்தாள். பெண்கள் கேட்கவில்லைதான். ஆனால் பிள்ளைகளில் பலபேர் கேட்காமலே, "பெரிசு" என்று சொன்னார்கள். ஜெனிற்றாவின் வகுப்புப் பிள்ளைகளும் அதில் நின்றார்கள்.

அன்றைக்கு வீட்டில் ஜெனிற்றாவிடம் கேட்டாள், நீ அங்கே போவாயா என்று.

"போவன் அம்மா. எல்லாரும் போகேக்கை நான் மட்டும் வெளியில நிக்கிறதோ?" என்றாள் மகள். சுகந்தினி போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "மாமாவின்ரை காலுக்கு மருந்து கட்டேக்கை நீயும் வா" என்றாள். ஜெனிற்றா வந்தாள். அதற்குப் பிறகு தினமும் அவளே கட்டினாள்.

ஐப்பசி மழை தொடங்கும்போது சாந்தரூபன் லண்டன் போனான். பியர் நிலையத்தில் ரயில் ஏறும்போது சந்தியோகு பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தான். ஒன்பது கிலோ குறைந்திருந்தான். வருத்தத்தில் குறைந்ததா, சுகந்தினி அளந்து கொடுத்த சாப்பாட்டில் குறைந்ததா என்று அவளுக்கே தெரியாது.

லண்டன் கடையை அவன் மார்கழியில் விட்டுவிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டும் வேலை கிடைத்தது. கடையை விட்ட நாளிலிருந்து நித்திரை வருவதில்லை என்றும், கை சும்மா இருக்க முடியாமல் பதறுகிறது என்றும் போனில் சொன்னான். ஒரு நாள் சந்தோஷமாகக் கதைப்பான். மறுநாள் எதற்கென்று தெரியாமல் எரிந்து விழுவான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுகந்தினி இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வீடியோவில் எடுத்தான். திரையில் மழைத்தூறலும் இலையில்லாத மரங்களும் ஆடின. பூங்காவில் மூத்தவனோடு நடக்கிறானாம். பையன் அப்பாவுக்கு முன்னால், காதுவரை குல்லாய் இழுத்து, போகமாட்டேன் என்பதுபோலக் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"ரெண்டாம் சுற்று" என்றான் சாந்தரூபன். மூச்சு முட்டியது. "இவன் வரமாட்டன் எண்டு அழுது, நானும் சண்டை பிடிச்சு, ரெண்டு பேரும் கதைக்காமல்தான் முதல் சுற்றுப் போனனாங்கள்."

"கால் எப்பிடி?"

"உள்ளங்காலுக்குக் கீழ கண்ணாடி வச்சுப் பாத்திட்டுத்தான் சப்பாத்துப் போட்டனான். பயப்பிடாதை."

"முடிஞ்சு நேரே வீட்டைதானே?"

அவன் நின்றான். திரையில் அவன் முகம் நனைந்திருந்தது. "இந்தப் பூங்கா வாசலிலயிருந்து வீட்டுக்குப் போற வழியில எட்டுக் கோழிக் கடை இருக்கு சுகந்தி. எட்டிலயும் எனக்குத் தெரிஞ்ச பெடியள்தான் நிக்கிறாங்கள். கண்டா விடமாட்டாங்கள்."

"போவீங்களோ?"

"தெரியேல்லை. நேற்றுப் போனனான். முந்தநாள் போகேல்லை."

பின்னால் பையன் ஏதோ ஆங்கிலத்தில் கத்தினான். குளிருகிறது என்றோ பசிக்கிறது என்றோ இருக்கவேண்டும். சாந்தரூபன், "வாறன், வாறன்" என்று திரும்பினான். படம் ஒருமுறை வானத்தைக் காட்டிவிட்டு அறுந்தது.

சுகந்தினி திரும்ப எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். மறுபடி உள்ளே போனாள். அங்கே மழை கூடியிருக்கும், போனைச் சட்டைப்பைக்குள் போட்டிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இன்னொருமுறை எடுத்தாள்.